கச்சானுக்கு முன் கத்தரிக்கு ஒரு சேதி

கத்தரி நாற்றுப் பிடுங்கும் நாளுக்கு ஒரு கிழமை முந்தியே அம்மம்மா நாற்றுமேடைக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுவார். மத்தியானத்தில் நாற்றெல்லாம் தலை தொங்கி நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் எனக்குப் பார்க்கப் பொறுக்காது. வாளியைத் தூக்கினால் ஏச்சு விழும். "இப்பவே குடிச்சுப் பழகினா மறுகா வெயில்ல நிக்காது மனே" என்பார். அந்த நாற்றுகள் நட்ட மூன்றாம் நாளே நிமிர்ந்துவிடும். பக்கத்து வளவில் கொழுகொழுவென்று வளர்த்த நாற்று ஒரு கிழமைக்குப் படுத்துக் கிடக்கும்.

அம்மம்மா செய்தது ஓர் ஓமோன் சிகிச்சை. வறட்சி வருவதற்கு முன்பே, 'வறட்சி வருகிறது' என்ற சேதியை நாற்றுக்குள் அனுப்பிவிட்டார். இன்று விவசாய மருந்துக் கடைகளில் 'வளர்ச்சிச் சீராக்கி' என்று போத்தலில் விற்பதில் சில இந்த வேலையைத்தான் செய்கின்றன. அது எப்படி வேலை செய்கிறது, எங்கள் மட்டக்களப்பு மணலில் எவ்வளவு கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி தை வரை வடகீழ்ப் பருவமழை எங்களை நனைத்துவிட்டுப் போகிறது. பிறகு வைகாசியில் இருந்து கச்சான். (வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம், நிலக்கடலையையும் கச்சான் என்றுதான் சொல்வோம், இது காற்று.) தென்மேற்கில் இருந்து வரும் இந்தக் காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடும் சூட்டோடும் எங்கள் பக்கம் இறங்குகிறது. இலையைச் சுற்றி மெல்லிய போர்வைபோல ஈரக் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதைக் கச்சான் உரித்துக்கொண்டே போகும். அதனால்தான் அதே வெயிலிலும் காற்றடிக்கும் நாளில் பயற்றை சீக்கிரம் வாடுகிறது.

இலைவாயின் கணக்கு

கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உதடு உதடாக ஆயிரக்கணக்கான சிறு வாய்கள் தெரியும். இவைதான் இலைவாய்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் இரண்டு காவற்கலங்கள். அவற்றுக்குள் பொற்றாசியம் ஏறினால் தண்ணீரும் கூடவே ஏறும், கலங்கள் ஊதும், வாய் திறக்கும். பொற்றாசியம் வெளியேறினால் தொய்ந்து மூடிவிடும்.

செடிக்குச் சாப்பாடு செய்யக் காபனீரொட்சைட்டு வேண்டும். காற்றில் அது 10,000 பங்கில் 4 பங்கு அளவுதான். இலைக்குள்ளோ ஈரம் நிறைந்திருக்கிறது. வாயைத் திறந்தால் உள்ளே வருவது கொஞ்சம், வெளியே போவது நிறைய. ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறைப் பிடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் பறந்துவிடுகின்றன. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100 க்கு 97 பங்குக்கு மேல் இப்படித்தான் ஆவியாகிறது. வீண் என்றும் சொல்ல முடியாது. அந்த ஆவிதான் இலையைக் குளிர்த்துகிறது.

மண் காயத் தொடங்கும்போது செடியே சேதி சொல்லும் ஓமோன் ஒன்றை உண்டாக்குகிறது. அதன் பெயர் அப்சிசிக் அமிலம். வேரிலும் இலையிலும் அது கூடும். காவற்கலத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பொற்றாசியம் வெளியேறும், வாய் மூடும். 1960களில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்ததால் 'உதிர்தல்' என்ற பொருளிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் உதிர்ப்பதில் பெரிய கை எதிலீன் என்ற இன்னொரு ஓமோனுக்குத்தான். பெயர் மட்டும் மாறவில்லை.

இதுதான் அம்மம்மாவின் நாற்றுமேடையில் நடந்தது. இலேசாகக் காய்ந்த நாற்றில் அப்சிசிக் அமிலம் கூடியது. இலை சிறுத்துத் தடித்தது. தண்டின் ஓட்டம் குறைந்தது. மேலே போகாத சாப்பாடு வேருக்குப் போனது.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

எல்லாப் போத்தலும் ஒரே வேலை செய்வதில்லை. வாங்குபவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். 'வளர்ச்சி' என்ற சொல்லைப் பார்த்ததும் வளர வைக்கும் மருந்து என்று நினைக்கிறோம். வறட்சிக்கு உதவுகிற பல சீராக்கிகள் வளர்ச்சியைக் கட்டிப்போடுபவை.

நெல் வயலில் சில நாற்று மட்டும் வெளிறி, நெட்டையாக, மற்றதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதைப் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வெளிகளில் கண்டிருப்பீர்கள். அது ஒரு பூஞ்சண நோய். 1926 இல் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், அந்தப் பூஞ்சணம் வெளிவிடும் பொருள்தான் நாற்றை நீட்டுகிறது என்று காட்டினார். பிறகு அதற்கு ஜிப்பரலின் என்று பெயர் வந்தது. நோயில்லாத செடியும் தன் அளவுக்கு ஜிப்பரலினைத் தானே செய்துகொள்கிறது. தண்டு நீள்வது அதனால்தான். குளோர்மெக்குவாட், மெபிக்குவாட், பக்லோபியூட்ரசோல் போன்றவை செடி ஜிப்பரலின் செய்வதைத் தடுக்கின்றன. செடி குட்டையாகும், இலை கரும்பச்சையாகித் தடிக்கும், உடம்போடு ஒப்பிட்டால் வேரின் பங்கு கூடும். இலைப் பரப்புக் குறைந்தால் தண்ணீர்ச் செலவும் குறையும். பக்லோபியூட்ரசோலுக்கு இன்னொரு குணமும் உண்டு: அப்சிசிக் அமிலம் சிதைவதை மெதுவாக்கி, மூடு என்ற சேதியைக் கொஞ்சம் நீட்டித்து வைக்கும்.

ஆனால் பக்லோபியூட்ரசோல் மண்ணில் மாதக்கணக்கில், சில மண்ணில் வருடத்துக்கு மேலும் தங்கும். மாமரத்தின் அடியில் ஊற்றுகிறவர்களுக்கு அது பரவாயில்லை. இந்தப் போகம் கத்தரி, அடுத்த போகம் வெங்காயம் என்று மாற்றிப் போடும் பாத்தியில் ஊற்றினால், அடுத்த பயிரும் கேட்காமலே குட்டையாகும். மரக்கறிப் பாத்திக்கு நான் அதைச் சேர்ப்பதே இல்லை.

மற்றக் கூட்டம் எச்சரிக்கை மணி அடிப்பவை. சலிசிலிக் அமிலம் இதில் பெயர் போனது. வில்லோ மரப்பட்டையில் இருந்து பெயர் பெற்றது, அஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். செடிகள் நோயையும் வறட்சியையும் எதிர்கொள்ளும்போது தாமே இதை உண்டாக்குகின்றன. தண்ணீர் தட்டுப்படும்போது இலைக்குள் கேடு செய்யும் ஒட்சிசன் துணுக்குகள் பெருகும். பச்சையத்தையும் கலச் சுவரின் உள்மென்சவ்வையும் அவை அரிக்கும். அவற்றை அடக்கும் நொதியங்களை முன்கூட்டியே தயாராக வைக்கச் சொல்வதுதான் சலிசிலிக் அமிலத்தின் வேலை. "அப்ப அஸ்பிரினைக் கரைச்சு அடிக்கலாமா?" என்று கேட்காதவர் இல்லை. மாத்திரையில் மாவும் பிற சேர்மானங்களும் உண்டு, அளவும் கணக்கில் நிற்காது. தலைவலிக்கு வைத்திருங்கள்.

மூன்றாவதாக, இலையைக் கிழடாக விடாமல் வைத்திருக்கும் சைற்றோகைனின்கள். வறட்சியில் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுவதை இவை தள்ளிப்போடும். இளநீரில் இவை இருக்கின்றன, அதனால் ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்புக்கு இளநீரைப் பயன்படுத்துவார்கள். எங்கள் மணலில் ஊன்றிய கம்பெல்லாம் துளிர்க்கும் முருங்கையின் இலையிலும் நிறைய உண்டு. முருங்கை இலைச் சாற்றை 30 மடங்கு தண்ணீரில் கலந்து மரக்கறிகளுக்குத் தெளித்துப் பல நாடுகளில் பரிசோதித்திருக்கிறார்கள். இளம் இலையை அரைத்து, துணியில் வடித்து, அன்றைக்கே அடித்துவிட வேண்டும். இரண்டாம் நாள் நாறும். மலிவு, பயமில்லை. ஆனால் ஒவ்வொரு மரத்தின் இலையிலும் ஒரே அளவு இருக்காது என்பதால் பலனும் ஏறி இறங்கும்.

மணலில் எவ்வளவு நாள் தாங்கும்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வந்தேன். போத்தலில் எழுதியிருப்பதை நம்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்க மணல். ஒரு மீற்றர் ஆழ மணல் செடிக்குக் கொடுக்கக்கூடிய தண்ணீர், மழையை அளப்பதுபோல உயரத்தில் சொன்னால், ஏறக்குறைய 60 மில்லிமீற்றர். களி கலந்த மண்ணில் அது 150 ஐத் தாண்டும். கத்தரியின் வேர் 30 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். மணலில் அதன் கைக்கு எட்டுவது 18 மில்லிமீற்றர். அதிலும் முதல் பாதியைத்தான் கஷ்டப்படாமல் எடுக்கும், அதாவது 9. கச்சான் நாளில் ஒரு நாள் செலவு 6 மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்தாலும் காணாது என்று தோட்டக்காரர் சொல்வது வெறும் புலம்பல் இல்லை, கணக்கும் அப்படித்தான்.

இப்போது சீராக்கி அடித்து இலைவாயை ஒடுக்கி, செலவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டோம் என்று வைப்போம். 9 ஐ 4.8 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட இரண்டு நாள். காசு கொடுத்து வாங்கியது அரை நாள்கூட இல்லை. அதே மருந்து, அதே 30 சென்ரிமீற்றர் வேர், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் களி மண்ணில்? நாலு நாளுக்குச் சற்றுக் குறைய நின்றது, நாலே முக்கால் நாள் நிற்கும். அங்கே ஒரு நாள் மிச்சம்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். மணலிலேயே, மருந்தில்லாமல், வேர் 30 இல் இருந்து 45 சென்ரிமீற்றருக்கு இறங்கினால் எடுக்கக்கூடியது பதின்மூன்றரை மில்லிமீற்றர், இரண்டேகால் நாள். இலைவாயை மூடியதைவிடக் கூட. இலைவாயை மூடினால் ஒரு தண்டனையும் உண்டு: சாப்பாடு குறையும், இலை சூடேறும். வேர் இறங்குவதற்கு அப்படித் தண்டனை இல்லை.

எனவே மணல்காரர்கள் இலையைப் பூட்டும் மருந்தைவிட வேரை இறக்கும் வேலைகளுக்குக் காசும் கவனமும் கொடுப்பதே புத்தி என்பது என் கட்சி. அந்த வேலைகள் எல்லாம் ஆரம்பத்திலேயே நடக்க வேண்டும். வெண்டி, பாகல் விதையை இரவு முழுக்க ஊறவைத்து நிழலில் உலர்த்தி ஊன்றுவது, நாற்றுமேடையில் தண்ணீரைக் குறைப்பது, நட்டபின் நுனிப்புல் மேய்வதுபோலத் தினமும் மேலால் தெளிக்காமல் ஆழ நனைய விடுவது. தினமும் மேல்மண் நனைந்தால் வேர் ஏன் கீழே போகப்போகிறது?

எப்போது, எவ்வளவு

சலிசிலிக் அமிலம் போன்றவற்றை வறட்சி பிடிக்கும் முன் அடிக்க வேண்டும். தண்ணீர் குறையும் என்று தெரிந்தால் ஒரு சில நாளுக்கு முந்தி. ஏற்கெனவே கருகிய செடிக்கு அடிப்பது, பேருந்து போன பிறகு கை காட்டுவது. செடி மத்தியானத்தில் வாடி அந்தியில் நிமிர்ந்தால் அது தன் செலவைச் சமாளிக்கிறது என்று அர்த்தம். வெள்ளாப்பில் (விடியற்காலையில்) போய்ப் பார்க்கும்போதும் வாடியே நின்றால் வேருக்கு எட்டும் மண்ணில் தண்ணீர் இல்லை. அந்த நேரத்தில் தேவை வாளி.

தக்காளி, மிளகாய்க்குப் பூக்கும் காலம்தான் பொல்லாதது. ஒரு கிழமை தண்ணீர் தவறினால் பூ கொட்டிவிடும். பிறகு எவ்வளவு இறைத்தாலும் கொட்டிய பூ காயாகாது. ஆகவே முதல் மொட்டுத் தெரியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு மிகச் சிறியது. ஆய்வுகளில் இலைக்குத் தெளிக்கும் சலிசிலிக் அமிலம் பெரும்பாலும் ஒரு லீற்றருக்கு 70 முதல் 140 மில்லிகிராம் வரைதான். முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவிக்கு அது ஒன்று முதல் இரண்டேகால் கிராம். தேக்கரண்டியால் அள்ளினால் தாண்டிவிடும். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வேண்டும். தண்ணீரில் இலகுவில் கரையாது. கொஞ்சம் மதுசாரத்தில் கரைத்துவிட்டுத் தண்ணீரில் சேர்ப்பார்கள். 'பீபீஎம்' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம். மருந்தில் 10 வீதம் மட்டுமே சரக்கு இருந்தால், 100 பீபீஎம் வேண்டும் என்பவர் 16 லீற்றருக்கு 16 கிராம் போட வேண்டும். சுத்தமான சரக்கு என்றால் 1.6 கிராம். இரண்டையும் மாற்றிப் போட்டால் பத்து மடங்கு பிழை.

பத்து மடங்கு வேண்டாம், இரண்டு மடங்கே போதும் என்பதற்கு நான் சாட்சி. சில வருடங்களுக்கு முந்தி ஒரு கடையில் 'காய் கூடும், வெயில் தாங்கும்' என்று சொல்லித் தந்த போத்தலைப் பயற்றைக்கு அடித்தேன். சொன்ன அளவைவிட இரட்டிப்பாக. பயற்றை முழங்கால் உயரத்தில் நின்றது. இலை சுருண்டு தோல்போலத் தடித்தது. நான் ஊன்றிய தடிகள் மட்டும் வெறுமையாக நின்றன. வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மாமா பார்த்துவிட்டு, "மருமகன், தடி நல்லா வந்திருக்கு, எப்ப ஆய்வம்?" என்றார். போத்தலைத் திருப்பிப் படித்தேன். குட்டையாக்கும் மருந்து. லேபலில் பயற்றை என்ற பெயரே இல்லை.

லேபலில் உங்கள் பயிரின் பெயர் இருக்க வேண்டும் என்பது வெறும் சடங்கு இல்லை. சீராக்கி பயிருக்குப் பயிர், இனத்துக்கு இனம் வேறு மாதிரி நடக்கும். சாப்பாட்டில் தங்குவது இன்னொரு கதை. அமெரிக்காவில் அப்பிளுக்கு அடித்துவந்த டமினோசைட் என்ற குட்டையாக்கி, அதன் எச்சத்தைப் பற்றி எழுந்த பெரும் சர்ச்சைக்குப் பிறகு 1989 இல் உணவுப் பயிர்களில் இருந்து விலக்கப்பட்டது. கீரை, வல்லாரை போன்று இலையையே சாப்பிடுபவற்றுக்குக் குட்டையாக்கி அடிப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. இலையைக் குறைக்கிற மருந்தை இலை விற்கிறவர் ஏன் வாங்க வேண்டும்?

அப்புறம் தெளிக்கும் தண்ணீர். கோடையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள கிணறுகள் பல உப்புத் தட்டும். அந்தத் தண்ணீரில் மருந்து கலந்து இலையில் அடித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். ஓரம் கருகினால் மருந்தின் மேல் பழி போடுவோம். நல்ல தண்ணீரில் கலந்து, காற்று விழுந்த பிறகு அந்தியில், அல்லது வெள்ளாப்பில் அடியுங்கள். கச்சான் வீசும்போது அடித்தால் பாதி அடுத்தவன் வளவுக்குத்தான்.

காசில்லாத சீராக்கி

அவுஸ்திரேலியாவின் திராட்சைத் தோட்டங்களில் 1990களில் ஒரு முறையைப் பரிசோதித்தார்கள். தக்காளியிலும் பிறகு செய்து பார்த்திருக்கிறார்கள். செடியின் ஒரு பக்க வேருக்கு மட்டும் தண்ணீர், மறுபக்கம் காய விடுவது. சில நாள் கழித்துப் பக்கத்தை மாற்றுவது. காய்ந்த பக்க வேர் அப்சிசிக் அமிலத்தைச் செய்து மேலே அனுப்பும். இலைவாய் கொஞ்சம் ஒடுங்கும். நனைந்த பக்க வேர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பதால் செடி வாடாது. தண்ணீர் பெரிதும் மிச்சப்படும், விளைச்சல் இழப்பு அதைவிட மிகக் குறைவு. செடி தன் மருந்தைத் தானே தயாரித்து, தன் அளவுக்குத் தானே போட்டுக்கொள்கிறது.

எங்கள் தோட்டத்தில் இதைச் செய்யச் சொட்டுநீர்க் குழாய்கூட வேண்டியதில்லை. கத்தரி வரிசைக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் இருந்தால், இன்று கிழக்கு வாய்க்கால், அடுத்த முறை மேற்கு. மணலில் மாற்றும் இடைவெளி குறுகியதாக இருக்க வேண்டும்; அதிக நாள் ஒரு பக்கத்தைக் காயப்போட்டால் அந்தப் பக்க வேர் நலிந்துவிடும், சேதி அனுப்ப ஆள் இருக்காது. மேலே வைக்கோல் பரப்பினால் இன்னும் நல்லது.

பசளையிலும் ஒரு சொல். காவற்கலம் திறந்து மூடுவது பொற்றாசியத்தை வைத்துத்தான் என்று பார்த்தோம். மணலில் அது மழையோடு கழுவிப் போய்விடும். யூரியாவை மட்டும் போட்டுச் செழிக்க வைத்த செடியில் இலை பெருத்திருக்கும், கதவைச் சாத்தத் தாழ்ப்பாள் இருக்காது. விலை கூடிய போத்தலுக்குப் போகும் முன், அந்தப் பாத்திக்குப் பொற்றாசியம் எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள்.

எதையாவது அடிப்பதென்று முடிவெடுத்தால் லேபலோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள்; விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். அடிக்கும் நாளில், பாத்தியின் நடுவில் இரண்டு வரிசையை வெறும் தண்ணீர் மட்டும் தெளித்து விட்டுவிடுங்கள். ஓரத்து வரிசை வேண்டாம், அதில் காற்று வேறு மாதிரி விழும். தடியில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். காய் ஆயும்போது அந்த இரண்டு வரிசையின் காயைத் தனிப் பையில் போட்டு, அடித்த இரண்டு வரிசையின் காயோடு நிறுத்துப் பாருங்கள். நாலைந்து ஆய்ச்சலுக்கு நிறையை எழுதி வையுங்கள். நான் முருங்கை இலைச் சாற்றை மிளகாய்க்கு அப்படித்தான் அடித்துப் பார்க்கிறேன். முதல் ஆய்ச்சலில் அடிக்காத வரிசைதான் முன்னால் நின்றது.